மூன்று பள்ளிகளும் என் காதும்

பதினாலாம் நம்பர் தறி

பதினாலாம் நம்பர் தறியில் நாடா பறந்த அன்று என் ஃபிட்டர் வேலை முடிந்தது.

விசைத்தறியில் ஊடைநூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் உண்டு. தறியில் கோளாறு இருந்தால் அது வழி தவறி வெளியே பாயும். தலையில் பட்டால் ஆள் இல்லை. ஆனால் பாய்வதற்கு முன்பே தறியின் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிப்போய் நிறுத்துவது ஃபிட்டரின் வேலை. சங்கரன்கோவிலில் ஒரே முதலாளியிடம் முப்பத்தோரு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். படிப்பு ஏழாம் வகுப்பு.

அன்று நாடா, அந்தத் தறியை ஓட்டுகிற மாரியம்மாளின் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தறியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

“சத்தம் மாறி கால் மணி நேரமாச்சு அண்ணாச்சி. நீங்க பக்கத்துலதான நின்னிய? இப்ப வருவிய, இப்ப வருவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கேட்கவில்லை.

கேட்காமல் போய் ஆறேழு வருடம் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. தறிமேல் கையை வைத்து அதிர்வைக் கொண்டு சமாளித்தேன். தறிக்கூடத்து இரைச்சலில் எல்லோருமே வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அதனால் அங்கே என் குறை தெரியாது. வெளியே வந்தால் எங்கள் தெருவே சத்தமாகப் பேசுகிற தெரு. கேட்காததற்குத் தலையாட்டிவிடுவேன். என் மனைவி பேச்சியம்மாளுக்கே தெரியாது. தறிக்காரர் எல்லோருக்கும் இருக்கிற காது மந்தம்தான் எனக்கும் என்று நினைத்திருந்தாள்.

முதலாளியின் மகன் கூப்பிட்டார். சின்ன முதலாளி என்போம்.

“என்ன அண்ணாச்சி, சத்தம் மாறுனது கேக்கலையா?”

“கவனிக்கல.”

“சரி. ஃபிட்டிங் போதும். நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. கோயம்புத்தூர்ல எங்க மச்சான் மில்லுக்கு ஒரு கோச் வாராரு. லேபர்கூட ஒவ்வொருத்தரா உக்காந்து பேசுவாரு. புத்திமதி சொல்ல மாட்டாரு. கேள்வி கேப்பாரு, அவங்க பேசுவாங்க. ஆளுங்க வேலையை விட்டு நின்னு போறது குறைஞ்சிருக்காம். நம்ம தறி செட்டுல எவனுக்கு என்ன கஷ்டம்னாலும் உங்ககிட்டதான வந்து உக்காருதான்? நீங்களும் குறுக்கே ஒரு வார்த்தை பேசாம கேக்கிய. முறையாப் படிச்சி சர்டிபிகேட்டோட வாங்க. மூணு செட்டுக்கும் உங்களையே வச்சிக்கிடுதேன்.”

“இல்லன்னா?”

“வாசல் கேட்டுல வாட்ச்மேன் இடம் இருக்கு. ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சதும் சொல்லுங்க.”

அவர் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. என்னிடம் வந்து பேசியவர்கள் சொன்னதில் பாதி எனக்கு வந்ததே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதற்கே நல்ல பெயர் கிடைத்திருந்தது.

வாட்ச்மேன் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயதுதான். இன்னும் ஏதாவது தெரிந்துகொள்ள முடியும் என்று நினைத்தேன்.

மைக்

“கோச்சா? இந்த வயசுல விசில் ஊதப் போறியளா?” என்றாள் பேச்சியம்மாள். விவரம் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் செல்போனை எடுத்தாள். அவள் பன்னிரண்டாவது படித்தவள். ஒரு நோட்டில் நான்கைந்து பள்ளிகளின் பெயரை எழுதினாள். எந்தப் பள்ளியில் தமிழில் சொல்லித் தருகிறார்கள், எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் பிராக்டிஸ் என்று ஒவ்வொன்றையும் போனில் கேட்டாள். “எங்க வீட்டுக்காரரு ஏழாப்புதான். சேத்துக்கிடுவியளா?” என்று எல்லோரிடமும் கேட்டாள். அதில் அவளுக்குக் கூச்சமே இல்லை.

முதலில் திருநெல்வேலி போனோம். ஒரு ஓட்டல் ஹாலில் அறிமுக வகுப்பு. இருநூறு பேர் இருப்பார்கள். நடத்தியவர் கோட்டுப் போட்டவர். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். மூக்குக்குக் கீழே எனக்கு மைக்தான் தெரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அவர்கள் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பேச்சியம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பஸ்ஸில் கேட்டாள்: “நல்லாத்தான பேசுதாரு? கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு.”

“பிடிக்கல.”

“என்ன பிடிக்கல?”

“பிடிக்கல.”

இரண்டாவது, சென்னைப் பள்ளி. வீட்டிலிருந்தே செல்போனில் வகுப்பு. பதினாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள். சொல்லித் தந்தவரின் வாய் ஒரு நேரம் அசைந்தது, ஒரு நேரம் அப்படியே நின்றது. அரை மணி நேரம் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டிருக்கிறார்கள். பேச்சியம்மாள் இடித்த பிறகுதான் தெரிந்தது. தலையாட்டினேன்.

“ஒங்களுக்கு முன்னாடி எதுவும் தெரியுமான்னு கேட்டா தலையாட்டுதிய! என்ன தெரியும் ஒங்களுக்கு?” என்றாள். வகுப்பு முடிந்ததும், “எப்படி இருக்கு?” என்றாள்.

“இதுவும் வேண்டாம்.”

நோட்டை மூடி வைத்தாள். “ஒங்களுக்குப் படிக்க இஷ்டம் இல்ல. அதை நேரா சொல்லுங்க. நான் பாட்டுக்கு ஊர் ஊரா போனைப் போட்டுப் பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காது கேட்காதவன் பிறர் பேச்சைக் கேட்கிற வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு நாள் கழித்து அவளே நோட்டைத் திறந்தாள். “தென்காசியில ஒண்ணு இருக்கு. சின்ன இடம். ஒரு நாள் சும்மா வந்து உக்காந்து பாருங்கன்னு சொல்லுதாங்க. இதுவும் பிடிக்கலன்னா வாட்ச்மேன் சட்டைக்கு அளவு குடுத்துருங்க.”

தென்காசி மாடி

ரயிலில் போனோம். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடி. எட்டு நாற்காலி, ஒரு போர்டு, ஒரு மின்விசிறி. நடத்தியவர் பெயர் ரெபேக்கா. நாற்பது வயது இருக்கும். மைக் கிடையாது. கூட வந்தவர்களையும் உள்ளே உட்காரச் சொன்னார். பேச்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் தன் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் பத்து நிமிடம் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. ‘எனக்கும் இப்படித்தான்’ என்று ஆரம்பிக்கக் கூடாது. எனக்கு ஜோடியாக வந்தவர் வசந்தா மேடம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார், பேசும்போது குனிந்துகொள்வார். ஒன்றும் விடக்கூடாது என்று நான் நன்றாகக் கிட்டே போய்ப் பார்த்தேன்.

இரண்டு நிமிடத்தில் அவர் எழுந்துவிட்டார்.

“மேடம், எனக்கு ஆளை மாத்திக் குடுங்க.”

“ஏன்மா?”

“இவரு என் வாயையே பாக்காரு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். பேச்சியம்மாளும் பார்த்தாள். முப்பத்தோரு வருடம் தறிக்கூடத்தில் யாருக்கும் தப்பாகப் படாத பழக்கம். அதை வெளியே கொண்டுவரக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது இரண்டே வழி. பேசாமல் படி இறங்கிப் போகலாம், இல்லை உண்மையைச் சொல்லலாம். போனால் பேச்சியம்மாள் காலம் பூராவும் என்ன நினைப்பாள்?

“எனக்குக் காது கேக்காது” என்றேன். “வாயைப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிடுவேன். தப்பா ஒண்ணும் இல்லம்மா.”

பேச்சியம்மாள் எழுந்து முன்னே வந்தாள். “என்ன சொல்லுதிய? கேக்காதா? நான் சொல்லுததுக்கெல்லாம் தலையாட்டுவியல்லா?”

“தலையாட்டுவேன்.”

அவள் திரும்பிச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரெபேக்கா மேடம் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. என் எதிரே வந்து நின்று கேட்டார். “கேக்கலன்னா தலையாட்டுவீங்க. அதுக்குப் பதிலா வேற என்ன செய்யலாம் அண்ணாச்சி?”

யோசித்தேன். “திரும்பச் சொல்லச் சொல்லலாம்.”

“எத்தனை பேர்கிட்ட அப்படிக் கேட்டிருக்கீங்க?”

“கேட்டது இல்ல.”

“இப்பக் கேக்கீங்களா?”

வசந்தா மேடம் அதற்குள் தன் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “மன்னிச்சிக்கிடுங்க, உக்காருங்க” என்றார்.

ஏதோ சொன்னார். பழக்கத்தில் பாதியில் குனிந்துவிட்டார். எனக்கு வரவில்லை. தலை ஆடப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

“திரும்பச் சொல்லுங்கம்மா.”

முதல் தடவை அவர் சொன்னது என்ன என்று பேச்சியம்மாள் பிறகு சொன்னாள். ‘ரிட்டையர் ஆயாச்சு, பொழுது போகல, அதான் இந்தப் படிப்பு.’ நான் திரும்பச் சொல்லச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார். “சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்கல” என்றார். ‘வீட்டுக்கு’ என்பதற்குப் பிறகு அப்போது எனக்குத் தெளிவாக இல்லை; மீதியும் பேச்சியம்மாள் சொன்னதுதான். மறுபடியும் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

“வீட்ல யாரும் இல்ல” என்றார்.

அது எனக்கு முழுதாக வந்தது. அவர் அழுதார். அதன் பிறகு நிறையப் பேசினார்.

முடிந்ததும் ரெபேக்கா மேடம் எல்லோரிடமும் கேட்டார். “ஒரே விஷயத்தை மூணு தடவை சொன்னாங்க. மூணும் ஒண்ணா?” பிறகு என் பக்கம் திரும்பி, “இது மட்டும் போதாது அண்ணாச்சி. கேள்வி கேக்கப் படிக்கணும், நோட்ஸ் எழுதணும், பிராக்டிஸ் ஹவர்ஸ் முடிக்கணும். கஷ்டமா இருக்கும்” என்றார்.

கஷ்டமாகத்தான் இருந்தது. எழுத்து வேலையில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். பத்து மாதம் ஆனது.

தென்காசி போய் வந்த மறுநாளே சின்ன முதலாளியிடம் போனேன். காது விஷயத்தையும், அதனால்தான் அன்று சத்தம் மாறியது தெரியவில்லை என்பதையும் சொன்னேன். “கேக்காத ஆளு எப்படி அண்ணாச்சி கேப்பிய?” என்றார். “வெளிச்சத்துல உக்கார வச்சிக் கேப்பேன்” என்றேன். “படிச்சிட்டு வாங்க. மூணு மாசம் பாப்போம்” என்றார். அந்த மூன்று மாதம் முடிந்து இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது.

மாரியம்மாளிடமும் சொன்னேன்.

“அப்ப அன்னைக்கு என் தலையில பட்டிருந்தா?”

“என் தப்புதான்.”

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் செட்டில் நான் உட்கார ஆரம்பித்தபோது முதல் ஆளாக எதிரே வந்து உட்கார்ந்தது அவள்தான்.

இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறேன். அமைதியான அறையில் கொஞ்சம் உதவும். ஆனாலும் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் காது சரியாகக் கேட்காது, உங்கள் வாயைப் பார்ப்பேன், திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன். இதுவரை யாரும் எழுந்து போகவில்லை.

கோச்சிங் படிக்க எந்தப் பள்ளியில் சேரலாம் என்று இப்போது இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பாடத்திட்டம், சர்டிபிகேட் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். அதோடு ஒரு நாள் நேரில் போய் உட்காருங்கள். உங்களால் முடியாதது எது என்று அங்கே சொல்லிப் பாருங்கள். உங்களைப் பார்த்துப் பாவப்படுகிற இடமும் வேண்டாம், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்கிற இடமும் வேண்டாம். ‘சரி, அதற்கு என்ன செய்யலாம்?’ என்று கேட்கிற இடத்தில் சேருங்கள். மூன்று பள்ளி அலைந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். முதல் இரண்டு பள்ளியையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கே நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். தென்காசியிலிருந்து திரும்பிய அன்று ரயிலில் நடந்தது.

பேச்சியம்மாள் முதலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பியதும் எழுந்து எதிர் சீட்டுக்கு மாறினாள். கடையநல்லூர் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அடுப்படியில நின்னுக்கிட்டு நான் பேசுவேன்லா, அதெல்லாம்?”

“கேட்டது இல்ல. முதுகுதான் தெரியும்.”

“நான் பேசுதது ஒங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். அதான் கொறச்சிட்டேன்.”

கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

“ரெண்டு வருசம் முன்னால நெஞ்சுல ஒரு கட்டி இருந்துச்சு. தோசை ஊத்திக்கிட்டே சொன்னேன். நீங்க சாப்ட்டுட்டு எந்திரிச்சிப் போயிட்டிய. நானாவே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேன். வெறும் கொழுப்புக் கட்டிதான்னுட்டாங்க.”

ஒரு சொல் விடாமல் எனக்கு வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

“திரும்பச் சொல்லு பேச்சி.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். இரண்டாவது தடவை கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

“ரொம்பப் பயந்துட்டேன்” என்றாள்.

நான் தலையாட்டவில்லை. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கேட்டுட்டேன்” என்றேன்.