அடியில் கிடந்த மூன்று நாள்

மஞ்சூர் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியின் லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மழையில் கரண்ட் போய் வந்தபின், ஆபீஸ் சர்வரின் ஃபோல்டர் அதில் இணையவில்லை. மூன்று நாள் கழித்துப் போய் அதை மவுண்ட் செய்தேன், அதாவது மறுபடி இணைத்தேன். நர்ஸ் அந்த நாட்களில் பதிந்த தடுப்பூசி விவரம் எதையும் காணோம்.

"டைப் பண்ணாமயே பண்ணேன்னு சொல்றீங்களா சிஸ்டர்?" என்றேன், குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்கள் முன்னால். அவர் தடுப்பூசி நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்தார்.

மறுவாரம் வேறொரு கோளாறுக்காக சர்வர் ஃபோல்டரின் இணைப்பைக் கழற்றினேன். அதற்கு அடியில், கம்ப்யூட்டரில் காலியாக இருக்கவேண்டிய ஃபோல்டரில் அவருடைய மூன்று நாள் பதிவும் இருந்தது. சர்வர் இல்லாதபோது கம்ப்யூட்டரிலேயே சேர்ந்தவற்றை, அதே இடத்தில் மேலே வந்த என் மவுண்ட்தான் மூடி மறைத்திருக்கிறது.

அவரைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லீங்க. நாந்தான் டைப் பண்ணலையோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சுங்க" என்றார்.

திட்டியது அத்தனை பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் ஏன் தனியாகக் கேட்டேன்?