செய்தியில்லாத நடை

என் வாப்பா நாற்பத்தேழாவது வயதில் மௌத்தானார். என் மூத்த சகோதரர், பெரிய நானா, நாற்பத்தாறில். இருவருக்கும் நெஞ்சு வலி. இருவருக்கும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம். ஊரின் பிறப்பு, இறப்பு, கல்யாணம், வெள்ளம், மிளகு விலை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இந்த வயதுகளில் பிழை வர வழியில்லை. பிழையாக இருக்காதா என்ற ஆசையில் இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

1963 ஜூன் மாதம், எனக்கு நாற்பத்தைந்து வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டொக்டர் யாழ்ப்பாணத்தவர், அதிகம் பேசாதவர். பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். குடும்பத்தில் யாருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததா என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடினார்.

"மருந்து தாறன். ஆனா மருந்தை மட்டும் நம்பியிருக்காதையுங்கோ. ஒவ்வொரு நாளும் மூண்டு மைல் நடவுங்கோ. கடைக்குள்ள நடக்கிறதெல்லாம் கணக்கில்லை."

எனக்கு டவுனில் ஒரு சிறிய புடைவைக் கடை. வீடு பல்லேபொலப் பக்கம். பஸ்ஸில் போய், நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, பஸ்ஸில் வருகிறவன் நான். நடப்பதற்கு எனக்கிருந்த ஒரே நேரம் சுபஹு முடிந்த கையோடு. எங்கள் பள்ளிவாசலிலிருந்து ஒன்றரை மைலில் ஒரு மதகு இருந்தது. போய்த் திரும்பினால் டொக்டர் சொன்ன மூன்று மைல்.

வாப்பாவையும் நானாவையும் கொண்டுபோன அதே நேரத்தில் நான் தனியாக வீதியில் இருக்கப்போகிறேன் என்பது முதல் நாள்தான் உறைத்தது. வலி வந்து விழுந்தால் எந்த வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். முதல் மைலில் பயமில்லை, வீடுகள் நெருக்கம். அதற்குப் பிறகு கொக்கோத் தோட்டம். மதகுக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வீடு. தோட்டத்துக்குள் நுழைந்ததும் என் நெஞ்சடிப்பு எனக்கே கேட்கும். பயத்தில் அடிக்கிறதா, நோயில் அடிக்கிறதா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டாம் நாளே வேறொரு தொல்லை தொடங்கியது. அப்போது எங்கள் பக்கம் டெலிபோன் கிடையாது. யாராவது மௌத்தானால் அன்றைக்கே அடக்க வேண்டும். ஆகவே சுபஹு முடிந்ததும் ஒருவர் வீடு வீடாக நடந்து போய்ச் சொல்லுவார். அந்த நேரத்தில், வெறுங்கையோடு, வேகமாக நடக்கிற ஆளுக்கு வேறு அர்த்தமே இல்லை. அதிலும் இறந்தவர்களின் திகதி எழுதி வைக்கிற நான். கதவுகள் திறந்தன. "யாரு?" என்ற ஒரு சொல்தான் கேட்டார்கள். யாருமில்லை, டொக்டர் நடக்கச் சொன்னார் என்றால் முகத்தில் ரத்தம் திரும்பக் கொஞ்ச நேரமாகும். வாப்பாவின் மச்சினி ஒருவர், நான் வாய் திறக்குமுன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னா லில்லாஹியை ஓதத் தொடங்கிவிட்டார்.

வழி கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு வெறும் பால் போத்தலைக் கையில் கொடுத்தார். போத்தல் வைத்திருப்பவன் மௌத்துச் சொல்ல வரமாட்டான். அன்றிலிருந்து கதவுகள் திறக்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் விடவில்லை.

"போத்தல் போகுது, போத்தல் வருது, பாலத்தான் காணோம். மாடு எங்க நானா, அவ்வளவு தூரம் கலேவெலயிலயா?"

இப்படி நான்கு மாதம். ஒரு நாளும் விடவில்லை. கொப்பியில் ஒவ்வொரு காலையும் ஒரு கோடு.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. இரவு மழை பெய்து வீதி ஈரமாயிருந்தது. மதகைத் தொட்டுத் திரும்பி இருபது அடி வந்திருப்பேன். இடது மார்பில் யாரோ விரல்களைக் குவித்து அழுத்துவது போலிருந்தது. நின்றேன். அழுத்தம் தோளுக்கு ஏறியது. கையிலிருந்த போத்தல் நழுவி விழுந்து உடைந்தது. இதுதான் அது, இன்னும் நாற்பத்தாறுகூட ஆகவில்லையே என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. பிள்ளைகளைக்கூட.

அந்த ஒரே வீடு கண்ணில் பட்டது. அதில் இருந்தது எனக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பெண். அவள் கணவர் வயிற்றில் ஒப்பரேஷன் செய்து மூன்று வாரமாகக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. வேலிக் கடப்பைத் தள்ளிக்கொண்டு வெறுங்கையோடு உள்ளே போனேன். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. மறுகணம் ஜன்னல் சாத்தப்பட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டேன்.

உள்ளே அழுகை வெடித்தது. நான் கேட்டிருக்கக் கூடாதது அதுதான். மௌத்துச் சொல்ல வருகிறவர் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார். விறாந்தையில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவார்.

"சொல்ல வாணாம் நானா. அல்லாஹ்வுக்காகச் சொல்ல வாணாம். திரும்பிப் போயிடுங்க."

செய்தி ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. மௌத்துச் சொல்ல வருகிறவர்கள் அதையும் முதலில் சொல்லுவதுண்டு. என்னால் நிற்க முடியவில்லை. கதவில் முதுகைச் சாய்த்தபடி சரிந்து உட்கார்ந்தேன். கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"தங்கச்சி, மௌத்தாகப் போறது நான்தான். எனக்குத்தான் நெஞ்சு வலிக்குது."

உள்ளே அழுகை நின்றது. பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் இறைவனுக்கு நன்றி சொல்வது தெளிவாகக் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. நான் மல்லாந்து விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மீது எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வலி அடங்கியது. வீதியில் வந்த லொறி ஒன்றை அவளே மறித்து என்னை ஏற்றிவிட்டாள். நெஞ்சாகவும் இருக்கலாம், வாயுவாகவும் இருக்கலாம் என்றார் டொக்டர். பத்து நாள் படுத்திருந்துவிட்டு, பிறகு முன்போலவே நடக்க வேண்டும் என்றார்.

பத்து நாள் முடிந்தது. பதினோராம் நாள் மழை என்று மனைவியிடம் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் கால் உளைவு என்றேன். பதின்மூன்றாம் நாள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். நடந்தால் அந்தத் தோட்டத்தில் விழுவேன். நடக்காவிட்டால் வாப்பாவைப் போலக் கட்டிலில் போவேன். படுத்துக்கொண்டே இரண்டையும் மாறி மாறி நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. மனைவி எழுந்து போனார். அந்த மதகடி வீட்டுப் பெண்தான். முந்தானையைத் தலையில் இறுக்கிப் பிடித்தபடி, அந்த ஒன்றரை மைலையும் தனியாக நடந்து வந்திருந்தாள். கணவர் முந்திய வாரமே வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

"பதிமூணு நாளா நானாவக் காணல்ல. கேக்கவும் பயமா இருந்திச்சு, கேக்காம இருக்கவும் பயமா இருந்திச்சு."

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் அழுதாள். வழியெல்லாம் கதவைத் திறந்து யாரு யாரு என்று கேட்டார்களாம். தெரியாது, நானாவைப் பற்றி விசாரிக்கத்தான் போகிறேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மனைவி தலையில் கை வைத்தார். வழியிலுள்ள அத்தனை வீடும் நான் மௌத்து என்றே நினைத்திருக்கும் என்று எனக்கும் விளங்கியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நெஞ்சு பழையபடி அடித்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் கடையை மூடப் பாதிப் பலகை போட்டுவிட்டு, தொப்பியோடு வெளியே நின்றிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அன்றைக்கு அவருக்குப் பகிடி வரவில்லை. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். நான் எங்கும் நிற்கவில்லை. அவள் பின்னால் வர, மதகுவரை போய்த்தான் திரும்பினேன்.