செம்பருத்தியில் தொங்கவிட்ட நூல்

பங்குனி பிறந்தால் வசந்தம் என்று சொன்னவர்கள் யாரும் நல்லூரில் வாடகைக்குக் குடியிருந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் வசந்தம் முதலில் போர்வெல் தண்ணீரில்தான் தெரியும். வாளி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படியத் தொடங்கும். மாசியில் தளதளவென்று நின்ற மல்லி இலையோரம் கருகும். வாரத்துக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தைச் செடிகளுக்கென்று ஒதுக்கி வைப்பேன். அந்தக் குடத்துக்காக வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து தனிக் கதை.

வீட்டின் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். அதில் ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, பெயிண்ட் டப்பாக்களில் மல்லியும் கத்தரியும், மூன்று வருடமாக ஒரு காய்கூடக் கண்ணில் காட்டாத எலுமிச்சை. மதிலுக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் யூனிட். அதன் எக்ஸாஸ்ட் ஃபேன் சரியாக என் செடிகளைப் பார்த்துச் சுற்றுகிறது. காலையில் பார்த்தால் இலையெல்லாம் பஞ்சுத் தூசி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியோடு நான் ஒவ்வொரு இலையாகத் துடைப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "ஏனம்மிணி, செடிக்குப் பவுடர் போட்டு உட்டிருக்காங்களாட்ட இருக்குது" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. யூனிட் முதலாளியிடம் போய்க் கேட்டேன். "காத்து அந்தப் பக்கமா அடிக்குதுங்க, நான் என்னங்க பண்றதுங்க?" என்றார். அத்தனை மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? திரும்பி வந்து மறுபடியும் இலையைத் துடைத்தேன்.

இவ்வளவு எரிச்சலோடு எதற்குச் செடி என்று கேட்கலாம். எனக்கு வேலை எக்ஸ்போர்ட் கம்பெனியில், செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், வெட்டாமல் விட்ட நூல் என்று குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. வருடக்கணக்கில் இதையே செய்தால் கண் கெட்டுப்போகிறது. கல்யாண வீட்டில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜாக்கெட்டின் தோள் தையலைப் பார்க்கிறேன். குறை தேடாமல் எதையாவது ஒன்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் செடி வளர்த்தேன். செடி அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. சரி, குருவியாவது வரட்டும் என்று தோன்றியது.

போனில் ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டில் ஒரு அம்மா, வசந்தம் வந்ததும் பஞ்சையும் நூலையும் ஒரு வலைப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிடுகிறார். பறவைகள் வந்து உருவிக்கொண்டு போய்க் கூடு கட்டுகின்றன. எனக்கு ஒரே பெருமையாகிவிட்டது. நூலுக்கா பஞ்சம் எங்கள் ஊரில்? இங்கே தலையணைக்குள் இருப்பது பனியன் வேஸ்ட். வண்டி துடைப்பதும், கொடி கட்டுவதும், சாய்ந்த செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவதும் அதே வேஸ்ட்தான். அதைக் குப்பை என்று யாரும் நினைப்பதில்லை. மறுநாள் சாயங்காலம், பிசிறு வெட்டும் மேஜைக்கு அடியில் கிடந்த நூலை இரண்டு கை அள்ளி டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளை, ரோஸ், இளநீலம். சின்ன வெங்காயம் வாங்கிய வலைப்பையில் திணித்துச் செம்பருத்திக் கிளையில் தொங்கவிட்டேன்.

"குருவிக்குக் கம்பெனி ஆரம்பிச்சுட்டியா அம்மிணி? ஷிஃப்ட்டு எத்தனை மணிக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களை வேலைக்கு எடுக்க மாட்டேனுங்க, பயப்படாதீங்க" என்றேன்.

தையல்சிட்டு வந்திருந்தால் ஊருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். வந்தது தேன்சிட்டு. ஆண் குருவி கழுத்தில் ஊதா மினுமினுக்க மதில்மேல் உட்கார்ந்து சத்தம் போடுவதோடு சரி. வேலையெல்லாம் பெண்தான் பார்த்தது. இதைப் பார்த்ததும் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. வலையின் கண்ணில் அலகை விட்டு ஒரு நூலை இழுக்கும், வராவிட்டால் கோபித்துக்கொண்டு போகும், மறுபடி வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் செம்பருத்தியின் நுனிக்கிளையில் சுருக்குப்பை போல ஒரு கூடு தொங்கியது. சிலந்தி வலையும் சருகும் தென்னை நாரும், நடுநடுவே ரோஸும் இளநீலமும். படமெடுத்து எங்கள் செக்கிங் குரூப்பில் போட்டேன். எல்லாரும் இதயம் போட்டார்கள். எலுமிச்சை காய்க்காத வருத்தம்கூடப் போய்விட்டது என்று சொன்னால் மிகையில்லை.

முட்டை பொரிந்து இரண்டு குஞ்சுகள். கூட்டின் வாசலில் இரண்டு அலகு தெரியும். வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை பார்ப்பேன். அந்த நாட்களில் யாரிடமும் நான் சிடுசிடுக்கவில்லை என்று எழுத ஆசை. அது பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைக்கப் பின்னால் போனேன். ஒரு குஞ்சு பறந்து மதில்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று கூட்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கியது. ஒரு காலில் ரோஸ் நூல். சிறகை அடித்து அடித்துச் சுற்றியதில் நூல் இன்னும் முறுக்கேறியிருந்தது. தாய்க் குருவி பக்கத்துக் கிளைக்கும் கூட்டுக்குமாக அலைந்தது.

"ஏனுங்க, சீக்கிரம் வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பாதி ஷேவிங்கோடு ஓடிவந்தார். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறிக் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தினேன். நூலைக் கையால் அறுக்கப் பார்த்தேன். ஓவர்லாக் தையலுக்குப் போடும் பாலியெஸ்டர் நூல். விரல்தான் அறுபடும், அது அறாது. நாராக இருந்திருந்தால் குஞ்சு உதறிய உதறலிலேயே அறுந்துபோயிருக்கும். என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் ட்ரிம்மரை, பிசிறு வெட்டும் அந்தக் குட்டிக் கத்தரியை, அவரை எடுத்துவரச் சொன்னேன். வெட்டிவிட்டேன். ஆனால் நூல் காலைச் சுற்றித் தோலுக்குள் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே விரல்கள் கறுத்துச் சுருண்டிருந்தன. அது ஒரே நாளில் ஆனதில்லை. நான் தினமும் இரண்டு வேளை பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதே, கூட்டுக்குள் அந்த நூல் இறுகிக்கொண்டிருந்திருக்கிறது.

குஞ்சைக் கூட்டுக்குள் திரும்ப விட்டேன். தாய் வந்து ஊட்டியது. திங்களும் ஊட்டியது. செவ்வாய்க்கிழமை காலை குஞ்சு செம்பருத்தி அடியில் கிடந்தது. எறும்பு வந்துவிட்டிருந்தது. அவர் கரண்டியால் மண்ணைத் தோண்டிப் புதைத்தார். நான் வேலைக்கு லீவு சொல்லவில்லை. குருவிக்குஞ்சு செத்துப்போச்சு என்று சொன்னால் யார் லீவு கொடுப்பார்கள்?

கம்பெனியில் அந்த மாதம் முழுக்கப் பச்சைக் குழந்தைகளுக்கான துணி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைத் துணிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிப்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போதாது, ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பிக் கைக்குள்ளும் காலுக்குள்ளும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே தொங்கும் ஒரு நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் விரலே போய்விடும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் செக்கிங் பார்க்கும் ஒரு பெண் அப்படி ஒரு நூலை விட்டுவிட்டாள். லைன் மொத்தமும் கேட்கும்படி திட்டினேன். "உன்ற கொழந்தையா இருந்தா இப்படி உடுவியா?" என்று கேட்டேன். "ஒத்த நூலுக்கா இம்புட்டுப் பேச்சு, அக்கா?" என்று அவள் கண் கலங்கிவிட்டாள். ஒத்த நூலுக்குத்தான் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் பிறக்கப்போகும் குழந்தையின் விரலுக்காக அவ்வளவு பேசியவள், அந்த மேஜையின் நூலையே அள்ளிக்கொண்டு வந்து குஞ்சுகளுக்கு மெத்தை போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் அழுதுவிட்டு விட்டுவிடலாம். தெரிந்த வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மேஜைக்குப் போய், நான் அப்படிக் கேட்டது தப்பு என்றேன். "ஏங்க்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

வலைப்பையை அன்றைக்கே குப்பையில் போட்டேன். பழைய கூட்டை அறுத்து எடுத்தேன். செடிகளைக் கட்டியிருந்த பனியன் கிழிசல்களை அவிழ்த்தேன். கத்தரிச் செடி சாய்ந்து விழுந்தது, விழட்டும் என்று விட்டேன்.

சித்திரையில் அதே ஜோடியோ வேறு ஜோடியோ, தேன்சிட்டுகள் மறுபடி வந்தன. அதே செம்பருத்தி. பெண் குருவியின் அலகில் சிவப்பாக என்னவோ. பூவிதழ் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். நூல். என்னிடம் சிவப்பு நூல் இருந்ததே இல்லை. குருவி நூலுக்கு எங்கே போகிறது என்று பார்த்தால், மதில் தாண்டி யூனிட் வாசல், கரண்ட் கம்பி, சாக்கடை ஓரம், வேஸ்ட் மூட்டை ஏற்றும் ஆட்டோ. நான் ஒரு பையை எடுத்ததால் என்ன ஆகிவிடும்? துடைப்பத்தை எடுத்து விரட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து, "ஏனுங்க, குருவி என்னங்க பண்ணுச்சு? பாவமுங்க" என்றார். துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டேன். விரட்ட விரட்ட வந்தன. கூடும் முடிந்துவிட்டது.

குருவிகள் இல்லாத நேரம் பார்த்து, வீட்டுக்காரரை ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி ஏறினேன். கூட்டின் வெளியே தொங்கிய ஒவ்வொரு நூலையும் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டினேன். வாசலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. நூலா நாரா என்று தெரியவில்லை. இன்னும் ஆழமாக விட்டால் கூடு கிழிந்துவிடும். கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் பெண் குருவி வந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"உடு அம்மிணி. இந்தத் தடவை உன்ற நூலு இல்லீல்ல" என்றார்.

"பின்ன ஆரோட நூலுங்க?" என்று கேட்டேன். அவரும் பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.