குழந்தை இயேசுவுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குச் செருப்பு வாங்கப் போனேன். நாலு பேர் முன்னால் காலை நீட்டி அளவு பார்க்க எனக்குக் கூச்சம். அதனால் பழைய செருப்பைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கடைக்காரர் பையை எட்டிப் பார்த்தார்.

“இன்னொன்னு எங்கண்ணா?”

“அமெரிக்காவுல.”

“அங்க இன்னா பண்ணுது?”

“கோயில்ல இருக்கு.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் – சொல்லிவிடுகிறேன்.

மகள் ஜெனி நியூ மெக்ஸிகோவில் இருக்கிறாள். அவள் பையன் ஜோயல் ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பான், விட்டால் உட்கார்ந்துவிடுவான். காலில் குறையில்லை, பொறுங்கள் என்றார் டாக்டர். பெற்றவளுக்குப் பொறுக்குமா? போனில் எதையாவது படித்துவிட்டுத் தினமும் அழுதாள்.

பக்கத்து ஊரில் ஸ்பெயின்காரர்கள் காலத்துக் கோயில் ஒன்று. மண் சுவர், மர உத்தரம். அங்கே குழந்தை இயேசு ஏழைகளைத் தேடி ஊரெல்லாம் நடப்பாராம்; செருப்பு தேய்ந்துவிடுமாம். அதனால் வேண்டுதல் உள்ளவர்கள் சுரூபத்தின் காலடியில் குட்டிக் குட்டி ஷூக்களை வைக்கிறார்கள். நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது பேரனோடு அங்கே போனோம். ஜெனியும் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தாள்.

நான் செய்தது ஒன்றுதான். எங்கள் பொழிச்சலூரில் பூசைக்குப் போகும்போது செய்வதுபோல வாசலில் செருப்பைக் கழற்றி விட்டேன். அங்கே யாரும் கழற்றுவதில்லை என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தால்... கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என் செருப்பைப் பயபக்தியோடு ஏந்தி வந்து, குட்டி ஷூக்களுக்கு நடுவே வைக்கிறார். ஒன்பதாம் நம்பர்!

“அப்பா, போய்க் கேளுங்க.”

“காணிக்கையா வச்சிட்டாங்கம்மா. எப்படித் திருப்பிக் கேக்கறது?”

“தெரியாம எடுத்துட்டாங்கன்னு சொல்லலாம்ல?”

“நீ சொல்லேன்.”

“செருப்பு உங்களோடதுப்பா!”

டீயில் சர்க்கரை இல்லையென்றால் அப்படியே குடித்துவிடுகிற ஆள் நான். அதுவும் ஐந்தாவது படித்தவனுக்கு என்ன இங்கிலீஷ் வரும்? பயமும் இருந்தது – பேரன் நடக்க வேண்டும் என்று வேண்ட வந்த இடத்தில், வைத்த செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போகலாமா? வெறுங்காலோடு கிளம்பத் தயாரானேன். வெளியே உச்சி வெயில், சரளைக்கல் பாதை.

தான் கொண்டுவந்த ஷூவை வைக்க, ஜெனி ஜோயலைக் கீழே இறக்கினாள். பெஞ்சைப் பிடித்து நின்றான். வீட்டில் அவன் நாள் முழுக்க இழுத்துக் கடிக்கும் செருப்பு எதிரே இருந்தது. பார்த்தான். பெஞ்சை விட்டான். ஒரு அடி... இன்னொரு அடி... நேராகப் போய்ச் செருப்பைப் பிடித்த பிறகுதான் உட்கார்ந்தான்.

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஜோயல் செருப்பைக் கடித்தான்.

கையிலிருந்ததை அவன் விடவில்லை. மற்றதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை இயேசுவின் காலுக்கு அது பொருந்தாது என்பது வேறு விஷயம்.

பல்லாவரத்துக்காரர் புதுச் செருப்பைக் கவரில் போட்டார். “அந்த ஒத்தையத் தூக்கிப் போட்றட்டாண்ணா?”

“வேணாம், குடுங்க” என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிடித்ததை விடாமலிருப்பது பேரனைப் பார்த்துப் பழகியது.