வாஷிங் மிஷினின் நடுக்கிண்ணம்

வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய வாஷிங் மிஷின் இருந்தது. மேல் மூடியைத் திறந்து துணி போடுகிற ரகம். இப்போது வருகிற மிஷின்கள் மாதிரி பாட்டுப் பாடாது, விளக்கு மின்னாது. ஒரு குமிழைத் திருகிவிட்டால் அது டிக் டிக்கென்று நகர்ந்து தானே வேலையை முடிக்கும். வீட்டுக்கார அக்கா புதிது வாங்கியதும் இதைக் குடித்தனக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். "ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கோங்க தம்பி. இன்னாத்தையாவது ஒடச்சிட்டு எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்பார்.

நானும் என் அறைத்தோழரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். நான் விருதுநகர்ப் பக்கம், அவர் தூத்துக்குடிப் பக்கம். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் லைனில், இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். இருவருமே கான்ட்ராக்ட். நான் வந்து ஒன்றரை வருஷம், அவர் ஐந்து வருஷம். அந்த முறை எங்கள் லைனில் ஒருவரை பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்றும், அது அவர்தான் என்றும் எல்லோருக்கும் தெரியும். ஊரில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். ஆர்டர் கைக்கு வந்த பிறகு பேசலாம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

பெயிண்ட் ஷாப்பில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது. துணியை மெதுவாக்கி மணக்க வைக்கிற சாஃப்ட்னர் கூடவே கூடாது. அதில் இருக்கும் சிலிக்கோன் கண்ணுக்குத் தெரியாத அளவு பறந்து பம்பரில் உட்கார்ந்தால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். மேலே போடுகிற அங்கியைக் கம்பெனியே துவைத்துத் தரும். உள்ளே போடுகிற பனியன் எங்கள் பொறுப்பு.

இதெல்லாம் தெரிந்த மகானுபாவன் நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாஃப்ட்னர் பாக்கெட் வாங்கினேன். அன்று சாயங்காலம் வாலாஜாபாத்தில் ஒரு நண்பனின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முந்தைய வாரம் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கல்லூரிப் பெண், என் மேல் வீசிய, பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை தாங்காமல் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போடாத ஒரே ஒரு நல்ல சட்டைக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அந்த மிஷினின் தொட்டிக்கு நடுவில் ஒரு தூண் நிற்கும். அதன் தலையில் மூடி போட்ட ஒரு கிண்ணம். சாஃப்ட்னரை அதில்தான் ஊற்ற வேண்டும். துவைக்கும்போது தூண் இப்படியும் அப்படியும் மெதுவாகத்தான் திரும்பும் என்பதால் ஊற்றியது அப்படியே கிடக்கும். சோப்புத் தண்ணீர் வெளியேறியதும் தொட்டி தூணோடு சேர்ந்து பிசாசு வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் திரவம் கிண்ணத்தின் சுவரில் ஏறி, அதைச் சுற்றியிருக்கிற வெளி அறைக்குள் விழும். சுற்று நின்ற பிறகு, அங்கிருந்து துளை வழியாக இறங்கி அலசுகிற தண்ணீரில் கலக்கும். மோட்டார் இல்லை, வயர் இல்லை, வெறும் சுற்றுதான். ஒருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது இதையெல்லாம் கண்டுபிடித்து, அண்ணனிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அன்று என் சட்டை நுரையில் ஆடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய்விட்டது. வேகச் சுற்று இன்னும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் காய வேண்டுமே என்று சட்டையை உருவிக் குழாயடியில் அலசி, மொட்டைமாடியில் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். கிண்ணத்தில் சாஃப்ட்னர் அப்படியே கிடந்தது. எனக்கு அந்த ஞாபகமே இல்லை. நான் திரும்புவதற்குள் கரண்ட் வந்து, அண்ணன் தன்னுடைய ஒரு வாரத்துப் பனியன்களைப் போட்டு எடுத்துக் காயவும் வைத்திருந்தார். ஐந்து வருஷம் தின்னரைச் சுவாசித்த மூக்குக்கு அந்த மணம் தெரியவில்லை.

திங்கட்கிழமை பம்பர்களில் குழி விழுந்தது. ஒன்று இரண்டல்ல, வரிசையாக. லைனை நிறுத்திவிட்டு, சூப்பர்வைசர் ஒவ்வொருவரையும் அங்கியைக் கழற்றச் சொல்லி முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணனிடம் நின்றார்.

"இன்னாயா இது? கல்யாண வூட்டுக்கு வந்தா மாதிரி மணக்குது!"

"நான் ஒண்ணும் போடலையே சார். வெறும் சோப்புத்தூள்தான்."

அந்த மணம் எனக்கும் எட்டியது. என் சட்டைக்கு நான் வாங்கிய அதே மணம். அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, "நீ இவங்கூடதானே ரூம்ல கீறே? சாஃப்ட்னர் ஏதாவது யூஸ் பண்றானா?" என்றார்.

"கவனிக்கல சார்" என்றேன்.

'நான்தான் சார்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் இரண்டே வார்த்தைதான் ஆகியிருக்கும். வேலை போய்விடுமே என்ற பயம் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். பயம் மட்டுமல்ல. அவர் போனால் அடுத்த இடம் எனக்கு என்பது அந்த நேரத்திலும் என் மண்டையில் ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் அண்ணன் மிஷினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, ஒனக்குத்தான் இதப்பத்தித் தெரியும்லா. இதுக்குள்ள ஏதும் தங்கி நின்னு, எந்துணியில எறங்கியிருக்குமாடே?"

"நாம ஊத்துனாத்தாண்ணே கிண்ணத்துல இருக்கும். ஊத்தாம எப்படி வரும்?"

நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைவிடக் கேவலமான பொய்யை நான் சொன்னதில்லை. "அப்போ சோப்புத்தூள மாத்தி வாங்கிட்டேன் போல. என்னால ஒனக்கும் சங்கடம்டே" என்று எழுந்து போனார்.

அந்த வாரக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து வந்த பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் இருந்தது. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு, சாஃப்ட்னர் ஏன் கூடாது என்று வகுப்பெடுப்பதே நான்தான். வெட்கங்கெட்டவன், நன்றாகவே எடுக்கிறேன்.

அண்ணன் இப்போது தூத்துக்குடியில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. போன மாதம் ஃபோன் செய்தார், குழந்தை பிறந்திருக்கிறதாம். பேச்சோடு பேச்சாக, "பிள்ளைக்குத் துணி தொவைக்க எம்புட்டோ இருக்கு. நான் ஒண்ணையும் தொடுததில்ல, எல்லாம் அவதான். என் கவனம் எந்த லெச்சணம்னு ஒனக்குத் தெரியும்லா" என்று சிரித்தார். பின்னால் அவர் மனைவியும் சிரிப்பது கேட்டது.

'அன்னைக்கு ஊத்துனது நான்தாண்ணே' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாண்ணே, சின்னப் பிள்ளை, பாத்துத்தான் செய்யணும்" என்றேன்.