முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது

அந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டர் முதல் தடவை நின்றது ஒரு திங்கட்கிழமை காலை. பேக்கப் முப்பத்தேழு சதவீதம் வரை ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு திரை நீலமாகி, தானே அணைந்து, தானே எழும்பியது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் முப்பத்தேழு.

தெல்தெனியவில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கலியாண வீடியோதான் பிழைப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் கறகறவென்று சத்தம் போடத் தொடங்கியதால், முந்தின சனிக்கிழமைதான் அதிலிருந்த எல்லாவற்றையும் ஒரு புது டிஸ்க்குக்கு அப்படியே குளோன் பண்ணியிருந்தேன். புதியது வேகமானது, ஆனால் கொள்ளளவு பாதி. ஆகவே குளோன் பண்ணுமுன் உதவாத கிளிப்புகளை அழித்து இடம் பண்ணினேன். கை ஆடிப்போனவை, இருட்டாக விழுந்தவை, கமராவை நிறுத்த மறந்து தரையைப் பிடித்தவை. எங்கள் தொழிலில் அதற்கெல்லாம் ஒரே பெயர், வேஸ்ட். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் காலியாக்கி, பேக்கப்புக்கு ஆகட்டும் என்று உள்ளேயே விட்டுவைத்தேன். அவ்வளவு பெரிய சாமானைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

அன்று பத்து மணிபோல ஒரு பிள்ளை போனில் கோல் எடுத்தாள். திகனப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். நாலு மாதத்துக்கு முன் அவளுடைய கலியாணத்தை நான்தான் எடுத்தேன். அது முடிந்து ஆறு கிழமையில் அவளுடைய வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

"அண்ணா, வெள்ளிக்கிழம நான் கட்டாருக்குப் போற, மாப்பிள்ளக்கிட்ட. நீங்க தந்த வீடியோல வாப்பா வாறாரு. ஆனா எல்லாத்துக்கும் மேல பாட்டுப் போட்டீக்கிறீங்க. கொரல் இல்ல. சஹன் நேரம் வாப்பா உங்களோட நல்லாக் கதச்சாராம், உம்மா சென்னாங்க. அது உங்கள்ட்ட ஈக்கும்தானே?"

"கட்டாயம் இருக்கும் தங்கச்சி. வியாழக்கிழமை வாங்க, போட்டுத் தாறேன்."

வாய் என்னமாய்ச் சொல்லிவிட்டது! பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சஹன். கமராவோடு அலைந்துகொண்டிருந்த என்னையும் அவர் அந்த ஆறு பேரில் ஒருவனாக உட்காரவைத்தார். போனில் "ஆ, சரி" என்பதற்கு மேல் பேசாத மனிதராம். வீட்டில் வேறு எதிலும் அவர் குரல் இல்லையாம். கமராவின் மெமரி கார்டுகளை நான் அடுத்தடுத்த கலியாணங்களுக்குப் பாவித்துவிட்டேன். இருந்தால் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்க வேண்டும். அதுவோ முப்பத்தேழில் செத்துச் செத்துப் பிழைக்கிறது.

அவளுடைய ஃபோல்டரை முதலில் திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். பயம் ஐயா, பயம். திறந்த நேரத்தில் கம்ப்யூட்டர் நின்று ஃபைல் கெட்டுப்போனால்? ஒரு காப்பி கைக்கு வரும்வரை அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வயர்களை மாற்றினேன். ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். வைரஸ் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பேக்கப்பைப் போட்டுவிட்டு, முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். புதன் காலைக்குள் ஆறு தடவை நின்றுவிட்டது.

கடைசியில் மானத்தை விட்டு, கண்டி டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் யாழ்ப்பாணத்து நண்பருக்குக் கோல் எடுத்தேன்.

"பேக்கப்பை எதில எழுதுறீர்?" என்று கேட்டார்.

"பழைய டிஸ்க்லதான்."

"கறகறக்குது எண்டு மாத்தின டிஸ்க்கிலயோ? உமக்கென்ன விசரா? அதைக் கழட்டிப்போட்டு வேற ஒண்டில எழுதும்."

கழற்றினேன். பக்கத்துக் கடையில் ஒரு வெளி டிஸ்க் வாங்கி வந்து போட்டேன். முப்பத்தெட்டைத் தாண்டியபோது கைதட்டினேன். மத்தியானம் நூறு. அப்பாடா! ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு, நிம்மதியாக அவளுடைய ஃபோல்டரைத் திறந்தேன்.

கிளிப் இலக்கங்கள் நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்பதுக்குத் தாவின.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டதும் நான் கமராவை ஓடவிட்டபடியே மேசையில் வைத்துவிட்டுப் போனேன். அந்தக் கிளிப் ஏறக்குறைய முழுக்க மேசைச்சீலை. சனிக்கிழமை அதை நடுவில் இரண்டு விநாடி பார்த்தேன், சத்தத்தைப் போட்டுப் பார்க்கவில்லை, வேஸ்ட் என்று அழித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபடி நண்பருக்கு எடுத்தேன். "அழிச்சதை எடுக்கலாம், பயப்பிடாதையும்," என்றார். "அதுக்குப் பிறகு அந்தப் பழைய டிஸ்க்கில ஒண்டும் எழுதேல்லைத்தானே?"

ஆறு தடவை எழுதியிருந்தேன். அவள் கேட்டதைக் காப்பாற்றுகிறேன் என்று, அது கிடந்த இடத்தின் மேலேயே.

பழைய டிஸ்க்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் போனேன். வியாழன் காலை நண்பர் தந்தது ஒரு துண்டு, ஏழு விநாடி. படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. குரல் மட்டும் தெளிவு.

அன்று பின்னேரம் அவள் வந்தாள். ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள்.

"தம்பி, கமராவ வெச்சிட்டு வாங்க. சஹனுக்கு ஒராள் கொறயிது. மகள்ட கலியாணம், நீங்க பசியோட நிக்கப்படாது…"

நாலு தடவை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்குப் பொறகு வாப்பா என்ன சென்ன, அண்ணா? நீங்க பக்கத்துலதானே ஈந்தீங்க?"

இருந்தேன். அரை மணி நேரம் அவர் தோள் உரச உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம், நல்ல இறைச்சித் துண்டொன்றை அவர் என் பக்கம் தள்ளிவிட்டதும், பின்னேரம் இன்னொரு கலியாணத்துக்குப் போக வேண்டுமே என்று நான் மணிக்கூட்டைப் பார்த்ததும்தான்.