தூக்கிய இடம்

ஏட்டு தருமன் யாரையும் கைநீட்டி அடித்தவரில்லை. விழுந்தவனைத் தூக்கிவிட்டே பேர் வாங்கியவர். எழுபத்தெட்டில் ஒரு நாள் கிரிவலப் பாதையில், உடம்பெல்லாம் புழுதியாக ஒருவன் மல்லாந்து கிடந்தான். தலை சுற்றியதில் அவன் நாக்கும் குழறியது. "காலையிலயே சாராயம் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று அவனை அள்ளி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய், ஸ்டேஷனில் மோர் நீட்டினார்.

"வேணாங்க, விரதம். பொண்ணு பொழைக்கணும்னு மலைய உருண்டே சுத்தறதா வேண்டுதல். மூச்சு வாங்கத்தான் படுத்தேன். தூக்கின எடத்துலயே உட்டுடுங்க சார்."

ஜீப் திரும்பி ஓடியது. பாதை நெடுக ஒரே மண், ஒரே மாதிரிப் புளியமரங்கள். எந்த இடமென்று தருமனுக்கும் தெரியவில்லை, தலை சுற்றிக் கிடந்த அவனுக்கும் தெரியவில்லை.

"பரவால்ல சார், நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க. கோபுரத்தாண்ட எறக்குங்க, மொதல்லேருந்து உருண்டுக்கறேன்."

அவன் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ஏட்டுக்கு.